குளிர் தெரியவில்லை

நவம்பர் 30, ஞாயிறு

இந்த நோட்டு கால் குளிருக்காக. வேறு எதற்கும் இல்லை.

ஓசூரில் இந்த மாதத்தில் விடியற்காலை சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு கை, காது, மூக்கு, கால் என்று நான்கு இடத்தில் குளிர் பிடிக்கும். கைக்கு உறை இருக்கிறது. காதுக்கு மஃப்ளர் இருக்கிறது. மூக்குக்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மீதி இருப்பது கால். இன்று சூளகிரி வரை போய்த் திரும்பியதில் இரண்டு பாதமும் மரத்துவிட்டன. வாசலில் இறங்கும்போது தரை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் காலை வைத்தேன்.

நான் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. இதையும் கண்டுபிடித்துவிடுவேன்.

அவகாசம் ஜனவரி 26 வரை. அன்று எங்கள் சைக்கிள் குழு கிருஷ்ணகிரி அணை வரை போய்த் திரும்புகிறது. நூறு கிலோமீட்டர். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். குழுவில் ஐம்பதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அணையில் என் அண்ணன் தயாளன் காத்திருப்பார். ஆம்பூரிலிருந்து வாடகைக் காரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சர்க்கரை உண்டு. பதினோரு வருடமாக உண்டு. அதை எழுத வேறு நோட்டு இருக்கிறது. அதில் நான் எழுதுவதில்லை.

டிசம்பர் 3, புதன்

சைக்கிளுக்கென்றே செய்த ஷூ வாங்கினேன். கறுப்பு. கயிறு கிடையாது, பட்டை.

கடைக்காரர் காலைப் பார்த்துவிட்டு, "குளிர் காலத்துக்கு ஒரு சைஸ் பெருசா போங்க சார். உள்ள கொஞ்சம் எடம் இருந்தாத்தான் காலு சூடா இருக்கும்" என்றார்.

என் அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவராக இருந்தவர். அண்ணன் அதே கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். எங்கள் வீட்டில் சாப்பாட்டைவிட அதிகம் பேசப்பட்டது ஷூதான். புது ஷூவைக் கொஞ்சம் இறுக்கமாகவே வாங்க வேண்டும், போடப்போட இளகி நம் காலுக்கு வந்துவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் நான் கேட்ட சைஸையே எடுத்துக் கொடுத்தார்.

டிசம்பர் 7, ஞாயிறு

இறுக்கமான ஷூ. கால் முன்னைவிட அதிகமாக மரத்தது. காரணம் சாக்ஸ் மெல்லியது. அடுத்த முறை இரண்டு சாக்ஸ்.

மாதேஷ் வேறு சொன்னான். குழுவை நடத்துகிறவன் அவன்தான், எங்கள் கம்பெனியிலேயே பெயின்ட் பிரிவில் இருக்கிறான். "ரெண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினா ரத்தம் ஓடாது சார். குளிரு ஜாஸ்திதான் ஆவும். ஒரே சாக்ஸ், கம்பளி. பட்டைய லூசா விடுங்க. ஓட்டும்போது விரல உள்ளயே ஆட்டிக்கினே இருங்க."

விரலை ஆட்டினேன். ஆடியிருக்கும்.

டிசம்பர் 9, செவ்வாய்

கொடியில் சாக்ஸைத் தவிர வேறு துணி காயப்போட இடமில்லை என்று என் மனைவி அம்சவேணி சொன்னாள். உண்மைதான்.

டிசம்பர் 14, ஞாயிறு

இரண்டு சாக்ஸுக்கு நடுவில் ரொட்டி வாங்கின பிளாஸ்டிக் கவர். ஷூவின் அடியில் காற்று போகும் ஓட்டைகளை மின்சார டேப் போட்டு அடைத்தேன். காற்று வரவில்லை. ஆனால் வேர்வையும் போகவில்லை. காலை எடுத்தபோது ஊறவைத்த அவல் மாதிரி வெளுத்திருந்தது. மிதிக்கும்போதெல்லாம் சரக்சரக் என்று சத்தம் வேறு. முன்னால் போனவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

அம்சா காலைத் துடைத்துவிட வந்தாள். நானே துடைத்துக்கொள்கிறேன் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் காலில் அவளுக்கு இப்படி ஒரு அக்கறை வந்ததில்லை.

டிசம்பர் 17, புதன்

செய்தித்தாள். பாதத்தில் நேராகச் சுற்றி, மேலே சாக்ஸ், அதற்கு மேலே இன்னொரு சாக்ஸ். ஷூவுக்குள் கால் போவதற்கு கரண்டிக் காம்பு தேவைப்பட்டது. கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன். அம்சாவுக்குத் தெரியாது.

வந்து கழற்றிப் பார்த்தால் வலது பாதத்தின் அடியில் ஏதோ விளம்பரம் பதிந்திருந்தது. எழுத்து இடவலம் மாறியிருந்ததால் படிக்க முடியவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்த்தேன். 'மனை விற்பனைக்கு, பத்திரப் பதிவு இலவசம்.'

கண்ணாடியில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம். எப்போது வந்தது என்று தெரியவில்லை. வலி இல்லை. ஆகவே சின்னதுதான்.

டிசம்பர் 21, ஞாயிறு

வெற்றி.

இந்த வருடத்திலேயே அதிகக் குளிர் இன்றுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். மாதேஷ் சூளகிரி டீக்கடையில் ஷூவைக் கழற்றிக் காலை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எனக்குக் குளிர் தெரியவே இல்லை. பாதத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு சாக்ஸ், மேலே கம்பளி, டேப் போட்ட ஷூ, பட்டை கடைசி ஓட்டை வரை. இதுதான் சரியான சேர்மானம். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஷூவைத் தட்டியபோது உள்ளே இருந்து ஒரு ஜல்லிக்கல் விழுந்தது. புளியங்கொட்டை அளவு. சூளகிரியில் நின்றபோது நான் ஷூவைக் கழற்றவில்லை, ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே உள்ளே இருந்திருக்க வேண்டும். அறுபது கிலோமீட்டரும் கூடவே வந்திருக்கிறது. துளிகூட உறுத்தவில்லை. நல்ல ஷூ.

அம்சா அந்தக் கல்லைப் பொறுக்கி எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிப் போடு என்றேன். போடவில்லை. சமையலறைக்குள் எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 24, புதன்

அண்ணன் போன் செய்தார். சைக்கிள் எப்படி, மழை உண்டா, ஆபீஸ் எப்படி என்று கேட்டுவிட்டு, "கால பாத்துக்கறியாடா?" என்றார்.

"பாத்துக்கறேன் அண்ணா."

"கண்ணால பாக்கறியா, இல்ல வாயால பாக்கறியா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நான்கு வருடம் ஆகிறது. செருப்பில் ஏறிய ஆணியோடு ஒரு நாள் முழுக்க நடந்திருக்கிறார். ஆணி ஏறியதே தெரியவில்லை. அவருக்கும் சர்க்கரை. செயற்கைக் கால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கக்கத்தில் கட்டை வைத்து நடக்கிறார். ஷூ வாங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. வாங்குகிற ஜோடியில் வலது கால் எல்லாம் புதிதாகவே பெட்டியில் இருக்கின்றன.

அவருடையது ஆணி. என்னுடையது கல். இரண்டும் ஒன்றில்லை.

அப்பாவுக்கு இரண்டு விரலை எடுத்தார்கள். அண்ணனுக்குக் கால். அடுத்தது யார் என்று சொந்தக்காரர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. கல்யாண வீட்டில் நான் செருப்பைக் கழற்றும்போது பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஜனவரி 26ஆம் தேதி அணையில் நான் சைக்கிளிலிருந்து இரண்டு காலில் இறங்கி நிற்பதை அண்ணன் பார்க்க வேண்டும். அவர் பார்த்தால் போதும், மற்றவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். அதற்குத்தான் இவ்வளவும்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஓட்டிவிட்டு வந்ததும் காலை வெந்நீரில் வைத்தால் ரத்தம் ஓடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அம்சா வாளியில் விளாவிக் கொண்டுவந்தாள். காலை வைத்தேன். ஆறிப்போன தண்ணீர். இன்னும் ஊற்று என்றேன். ஊற்றினாள். இன்னும் என்றேன்.

"ஆவி பறக்குதுங்க."

"ஆவி பறந்தா சூடுன்னு அர்த்தமில்ல. வெளிய குளிரு. ஊத்து."

மூன்றாவது தடவை ஊற்றிவிட்டு அவள் வாளிக்குள் கையை விட்டாள். விட்ட வேகத்தில் எடுத்தாள். விரல் நுனி சிவந்திருந்தது. பெண்களுக்குத் தோல் மெல்லியது என்று சொன்னேன். அவள் என் இரண்டு காலையும் தூக்கித் தரையில் வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கொட்டினாள். வந்து வலது காலை மடியில் வைத்துத் திருப்பினாள். கொப்புளம் உடைந்திருந்தது.

"டாக்டர்கிட்ட போலாங்க."

"இருபத்தாறு முடியட்டும்."

"எதுக்கு இருபத்தாறு?"

டாக்டர் பார்த்தால் முதலில் நிறுத்துவது சைக்கிளைத்தான். இதை அவளிடம் சொல்லவில்லை. அணைக்குப் போய் வந்ததும் அன்று சாயங்காலமே போகலாம் என்றேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன், மீறமாட்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

காய்ந்துவருகிறது.

ஜனவரி 4, ஞாயிறு

காயவில்லை. ஐம்பது கிலோமீட்டர். குளிர் தெரியவில்லை.

ஜனவரி 8, வியாழன்

வலது சாக்ஸ் பாதத்தோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் விட்டு எடுத்தேன். உள்ளே மஞ்சள் கறை. நான்தான் மஞ்சள் தூள் வைத்திருந்தேன், ஆகவே மஞ்சள். மஞ்சள் தூளுக்கு இந்த வாடை கிடையாது என்பதையும் எழுத வேண்டும். சாக்ஸை அம்சா பார்க்கும் முன் பழைய பேப்பரில் சுற்றித் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். திரும்பி வரும்போது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் மாதிரி இருந்தது. பனி.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று ஓட்டவில்லை.

ஐந்து மணிக்கு எழுந்து ஷூவை எடுக்கப் போனால் வைத்த இடத்தில் காணோம். அம்சாவைக் கேட்டேன். "இருக்கும், தேடுங்க" என்றாள். தேடினேன். இல்லை. பழைய செருப்பைப் போட்டுக்கொண்டாவது போகலாம் என்று பார்த்தால் சைக்கிளில் காற்று இல்லை. இரண்டு சக்கரத்திலும். பம்பும் இல்லை.

முப்பது வருடம் என்னோடு குடித்தனம் செய்கிறவள். ஒரு முறைகூட எனக்கு எதிராக ஒன்றும் செய்ததில்லை. இன்று ஒரே காலையில் மூன்று செய்துவிட்டாள்.

நான்காவது, ஒன்பது மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கியது. அண்ணன். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். இரண்டு கட்டையையும் ஊன்றிப் படி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்சா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "எங்கம்மா அந்த ஷூ?" என்றார்.

"இதோ மாமா" என்று அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அண்ணன் ஷூவை முகர்ந்து பார்க்கவில்லை, வெளியே பார்க்கவில்லை. கம்பெனியில் செய்வது மாதிரி நேராகக் கையை உள்ளே விட்டு, விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனார். அப்புறம் மேல்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"எந்த சைஸ்டா வாங்கின?"

"நம்ம சைஸ்தான். கொஞ்சம் இறுக்கமா. அப்பா சொல்ற மாதிரி."

"அப்பா சொன்னது தோலுக்குடா. இது தோலா?"

நான் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. நாற்பது நாளாகக் காலில் போட்டிருக்கிறேன். தினமும் ஆயிரம் உதிரிபாகத்தைக் கையில் எடுத்து எதில் செய்தது என்று சொல்கிறவன். இது எதில் செய்தது என்று பார்க்கத் தோன்றவில்லை.

"இது எந்தக் காலத்திலயும் இளகாது. நீதான் இளகணும்" என்றார். கையை வெளியே எடுத்தார். விரல் நுனி பிசுபிசுவென்றிருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சாக்ஸக் கழட்டு."

"பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம் அண்ணா."

"கழட்டுறா."

கழற்றினேன். அம்சா ஜன்னல் திரையை விலக்கினாள். அண்ணன் குனிந்து பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். சின்ன வயதிலிருந்து அவர் திட்டி எனக்குப் பழக்கம், அதற்குப் பதில் சொல்லியும் பழக்கம். அவர் திட்டவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"என்னுது இதவிடச் சின்னதா இருந்துச்சு."

அம்சா அழுதாள். நான் சாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 12, திங்கள்

டாக்டரம்மா சின்ன வயது. கால் வைத்தியம் மட்டும் பார்க்கிறவர். அண்ணனும் அம்சாவும் என் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். நான் ஓடிப்போவேன் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

டாக்டரம்மாவின் கையில் ஒரு பேனா மாதிரி ஒன்று. முனையில் மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு இழை. அதை என் உள்ளங்கையில் தொட்டுக் காட்டினார். "இப்படித்தான் தொடுவேன். வலிக்காது. கண்ண மூடிக்கங்க. தொடுறது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா காகிதத்தில் ஏதோ குறிக்கிற சத்தம் கேட்டது.

"வலது கால் முடிஞ்சிருச்சு சார்" என்றார்.

கண்ணைத் திறந்து அம்சாவைப் பார்த்தேன். அவள் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை இழை பட்டபோதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இடது காலில் இரண்டு இடத்தில் ஆமா சொன்னேன். கட்டைவிரல் நுனியில் ஒன்று, குதிகாலுக்கு மேலே ஒன்று. உண்மையாகவே தெரிந்தது, கணக்குக்காகச் சொல்லவில்லை.

குளிர் இல்லை இது என்று டாக்டரம்மா சொன்னார். குளிரால் மரத்தது கொஞ்ச நேரத்தில் திரும்பிவரும். இது நரம்பு. வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நான் இந்தக் குளிரில்தான் கவனித்திருக்கிறேன். கவனித்துவிட்டு சாக்ஸ் வாங்கியிருக்கிறேன்.

எக்ஸ்ரே எடுக்க வேண்டும். புண் எலும்பைத் தொட்டிருந்தால் ஒரு பேச்சு, தொடாவிட்டால் வேறு பேச்சு. படம் நாளைக்குத்தான் பார்ப்பார்கள். இங்கேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள்.

பயமாக இருக்கிறது. இந்த நோட்டில் எழுதக் கூடாது என்று வைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

ஜனவரி 13, செவ்வாய்

தொடவில்லை.

"இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு வந்திருந்தா இந்தப் பேச்சே வேற சார்" என்றார் டாக்டரம்மா. இரண்டு வாரம் கழித்து என்றால் 26. அம்சா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அண்ணன் இரண்டு கட்டையையும் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தூசி என்றார். எங்கள் வீட்டில் எல்லோரும் இப்படித்தான்.

ஜனவரி 15, வியாழன்

ஆஸ்பத்திரியில் பொங்கல். வெண்பொங்கல். சர்க்கரைப் பொங்கல் பக்கத்துக் கட்டிலுக்குப் போனது.

ஜனவரி 18, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. வலது காலுக்கு முழங்கால் வரை ஒரு பிளாஸ்டிக் பூட்ஸ் கொடுத்திருக்கிறார்கள். புண்ணில் பாரம் விழாமல் இருக்க. ஊசி தினமும் இரண்டு வேளை. போடுகிறவள் அம்சா. சைக்கிள் மூன்று மாதத்துக்கு இல்லை, அதற்குப் பிறகும் கேட்டுத்தான்.

சர்க்கரை நோட்டில் இன்று எழுதினேன். முதல் பக்கம்.

தினமும் காலையில் அம்சா என் இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கு வரை பார்க்கிறாள். கல்லை இன்னும் தூக்கிப் போடவில்லை. கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். "நீங்க இனிமே எது சொன்னாலும் அத ஒரு தடவ பாத்துக்குவேன்" என்றாள்.

ஜனவரி 26, திங்கள்

கிருஷ்ணகிரி அணைக்குக் காரில் போனோம். அம்சா, நான், பிளாஸ்டிக் பூட்ஸ். அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒன்று போட்டிருந்தார், காலை நீட்டிக்கொள்ள எதிரில் ஒரு முக்காலி. காரிலிருந்து இரண்டு காலில்தான் இறங்கினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நாற்காலிக்கு வந்து சேரும்வரை பார்த்தார்.

பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். வலது கால் ஷூ, ஒன்று மட்டும். தோல். ஒரு சைஸ் பெரியது.

"பூட்ஸ் கழட்டினதும் போடு. இடது காலுக்கு என்னுத வேணும்னா தர்றேன், தேஞ்சிருக்கும். வேணாம்னா ஆர்டர் குடுக்கறேன்."

"ஆர்டர் குடுத்துடுங்க அண்ணா" என்றேன். இருவரும் சிரித்தோம். பக்கத்தில் டீ விற்றவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

குழு வந்து சேர்ந்தது. மாதேஷ் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எங்கள் காலடியில் வந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். இரண்டு காலையும் கையால் தேய்த்துக்கொண்டே, "செம குளிரு சார். சூளகிரி தாண்டற வரைக்கும் விரலெல்லாம் சுருக்சுருக்குனு குத்துது, தாங்கல" என்றான்.

"கொடுத்து வெச்சவன்டா நீ" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அண்ணனுக்குப் புரிந்தது.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. டிரைவர் ஏசி போட்டார். நான் பின் சீட்டில் சாய்ந்து இரண்டு காலையும் அம்சாவின் மடியில் நீட்டியிருந்தேன். ஒன்று பூட்ஸுக்குள், ஒன்று வெறும் கால். சூளகிரி வந்திருக்கும். இடது கட்டைவிரல் நுனியில் ஏதோ தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். அப்போதும் தெரிந்தது.

"அம்சா, கால் குளிருது."

அவள் உடனே முந்தானையால் காலை மூடிவிட்டு, ஏசியை அணைக்கச் சொல்ல டிரைவர் பக்கம் எழும்பினாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். முந்தானையை எடுத்துவிடச் சொன்னேன்.

"இருக்கட்டும்" என்றேன்.

ஓசூர் வரும்வரை அணைக்கவிடவில்லை.